அக்காவுக்குக் கேட்ட மருந்து

யமுனா தரையிலிருந்து எழுந்த விதத்தில் ஏதோ சரியில்லை.

கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், அரிவாள்மனையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, முதலில் இடது கையை இடது தொடைமேல் ஊன்றினாள். பிறகு வலது கையை வலது தொடைமேல். பிறகு தன் உடம்பையே ஓர் ஏணியாக்கிக்கொண்டு அதில் கைகளால் ஏறுகிறவளைப் போல, முழங்காலிலிருந்து தொடைக்கும் தொடையிலிருந்து இடுப்புக்கும் கைகளை நகர்த்தி நகர்த்தி நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். சித்தார்த்தன் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"எண்பது வயசுக் கெழவி தோத்தா போ," என்றாள் அவன் மாமியார் சந்திரம்மாள், அடுப்படியிலிருந்து. "வர்ற ஞாயித்துக்கெழம ஒன்னையப் பொண்ணு பாக்க வராங்க. இப்படி எந்திரிச்சு நின்னேன்னா, பையனோட தாத்தாவுக்குத்தான் கேப்பாங்க."

"ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸ் டேம்மா. நாள் பூரா வெயில்ல நின்னேன்," என்றாள் யமுனா.

சித்தார்த்தனுக்குப் பேப்பரில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. அப்படி எழுந்திருக்கிற ஒருத்தியை அவனுக்குத் தெரியும். அவன் மனைவி பிரேமலதா, யமுனாவின் அக்கா, சாவதற்கு முன் இதே கூடத்தில் இப்படித்தான் எழுந்தாள். இதே கை வரிசை. முதலில் இடது, பிறகு வலது.

பிரேமா போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தலைத் திவசமும் ஆயிற்று. அவன் இன்னும் ஸ்ரீரங்கத்தில் மாமியார் வீட்டிலேயே இருந்தான். போங்கள் என்று சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை. போக வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி மன்னார்புரத்தில் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போவான். சாயங்காலம் வருவான். சாப்பிடுவான். படுப்பான். அழவில்லை. அழாததைப் பற்றித் தெருவில் பேசிக்கொண்டது அவன் காதிலும் விழுந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அவன் மாமனார் நாற்பது வயதில் மாரடைப்பில் போனவர். அவருடைய ரத்தத்தில் இருந்த கொழுப்பு இரண்டு பெண்களுக்கும் வந்திருந்தது. காலேஜ் படிக்கும்போதிலிருந்தே, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு கொழுப்பு மாத்திரை. சந்திரம்மாள்தான் உள்ளங்கையில் வைத்துக் கொடுப்பாள், வெற்றிலை மடித்துக் கொடுப்பது போல. அந்த வீட்டில் அதை யாரும் மருந்தாக நினைத்ததே இல்லை. அதனால்தான், பிரேமாவுக்கு இடுப்பில் படர்தாமரை வந்து தில்லை நகரில் ஒரு தோல் டாக்டரிடம் போனபோது, "வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று அவர் கேட்டதற்கு, "இல்ல டாக்டர்," என்றாள். பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. சோற்றில் உப்புப் போட்டுக்கொள்வதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

டாக்டர் எழுதிய கேப்சூல் படைக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் அது உள்ளே போன நாளிலிருந்து, கொழுப்பு மாத்திரையை வெளியேற்ற வேண்டிய ஈரல் அந்த வேலையை நிறுத்திவிட்டது. மாத்திரை உடம்பிலேயே தேங்கியது. தேங்கியது தசையைக் கரைத்தது. கரைந்த தசை ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தை அடைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் இதையெல்லாம் இங்கிலீஷில் சொன்னார். சித்தார்த்தன் தலையாட்டினான். வீட்டில், "மருந்து ஒத்துக்கல, கிட்னி போயிடுச்சு," என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரியில் ஏற்றிய ட்ரிப்ஸ்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்திரம்மாள் எடுத்துக்கொண்டாள். விளக்கிச் சொல்ல அவனிடம் அன்றைக்குச் சொற்கள் இல்லை. பிறகு யாரும் கேட்கவில்லை.

பேப்பரை மடித்துவிட்டு எழுந்தான். பிரிட்ஜுக்கு மேலே, பிரேமாவின் மருந்துகளை அவன் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் தூசி இல்லை. உள்ளே கேப்சூல் அட்டைகள் பலவும் வெறும் பொத்தலாகக் கிடந்தன.

யமுனா அவனுக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான். டின்னைக் காட்டினான்.

"யமுனா, இதுல இருந்தது…"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான்தான் எடுத்தேன் அத்தான். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. இடுப்புல எனக்கும் அதே படை. பொண்ணு பாக்க வர்ற நேரத்துல டாக்டர்கிட்ட போயித் துணிய வெலக்கிக் காட்டச் சொல்றீங்களா? அக்காவுக்கு நல்லாக் கேட்டுச்சுல்ல."

கேட்டது. பிரேமாவின் இடுப்பு, சிதையில் வைக்கும்போது, ஒரு வடுகூட இல்லாமல் இருந்தது.

அவன் வாயைத் திறந்தான். ஒரு வாக்கியம் போதும். இனிமேல் தொடாதே, இப்போதே கிளம்பு. அதைச் சொல்ல மூச்சை இழுத்த நேரத்தில், யமுனா குனிந்து, அவன் குடித்துவிட்டு வைத்த டம்ளரை எடுத்து, அடியில் நின்ற கடைசி வாய்க் காபியைக் குடித்தாள். குடித்துவிட்டு மோதிர விரலின் முதுகால் மேலுதட்டைத் துடைத்தாள்.

யமுனாவுக்குக் காபி வாசனையே ஆகாது. அவள் சின்ன வயதிலிருந்து டீதான். அவன் மிச்சம் வைக்கிற கடைசி வாயை எடுத்துக் குடித்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

யமுனா கையிலிருந்த டம்ளரையே பார்த்தாள். "ஐயோ, சாரி அத்தான். எச்சில்… ஏன் குடிச்சேன்னே தெரியல."

அவள் உள்ளே போய்விட்டாள். சித்தார்த்தன் அந்த வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டே நின்றான்.

முதலில் வந்தது பயம். கழுத்தின் பின்புறம் ஈரத்துணி பட்டது போல. அதற்குப் பின்னாலேயே வந்தது பயம் இல்லை. இத்தனை மாதங்களில் முதல் தடவையாக அவனுக்குள் ஏதோ ஒன்று அசைந்து எழுந்தது. அது என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. பொறாமை.

அவன் அவளுக்காகக் காத்திருந்தான். யாருக்கும் தெரியாமல், தினமும். பிரேமா கனவில் வரவில்லை. அவள் புடவையில் முகத்தை வைத்தாலும் சோப்பு வாசனைதான். ஆனால் சந்திரம்மாள் கனவில் வந்து ரசத்துக்குப் புளி அதிகம் என்றாளாம். யமுனா கனவில் வந்து தலை பின்னிவிட்டாளாம். பால்காரர்கூட ஒருநாள் காலையில், "ஒங்க வீட்டம்மா கனவுல வந்து, பாலு தண்ணியா இருக்குன்னு திட்டுச்சு சார்," என்று கண் கலங்கினார். பால்காரரிடம் போயிருக்கிறாள். அவனிடம் வரவில்லை. இப்போது வந்தவளும், அவன் உடம்பை விட்டுவிட்டு, தங்கை உடம்புக்குள் வந்திருக்கிறாள்.

அந்த வாரம் அவன் ஆபீசிலிருந்து சீக்கிரமே திரும்பினான். கூடத்தில் உட்கார்ந்து, டிவியைப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, காதை மட்டும் யமுனாவின் அறைப் பக்கம் திருப்பிவைத்தான். பிரிட்ஜின் முனகல், மாவு மில்லின் பட்டை ஓடும் சத்தம், ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நிற்காமல் போகும் ரயிலின் நீண்ட இரும்பு மூச்சு, இவற்றுக்கு அடியில் அவள் நடை கேட்டது. ஒரு காலை வைத்து, அடுத்த காலை இழுத்து, நடுவில் சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம். தலை வார முடியவில்லை. கை தோளுக்கு மேலே போவதில்லை. சீப்பைச் சுவரில் சாய்த்துப் பிடித்து, தலையைச் சீப்பில் தேய்த்தாள். பிரேமாவும் அப்படித்தான் செய்தாள். அன்று அவன் வாரிவிட்டான்.

"சிக்குன்குனியா மாதிரி இருக்கு," என்று சந்திரம்மாள் தைலம் தேய்த்தாள். "பேசாம இரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காதுக்குப் போயிடப் போவுது."

ஒருநாள் யமுனாவுக்குப் பிறகு அவன் கழிவறைக்குள் போனான். அவள் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தாள். இல்லை, வாளியைத் தூக்க முடியவில்லை. பீங்கானில் தேங்கியிருந்தது கருப்பட்டிக் காபியின் நிறம். அந்த நிறம் அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் பார்த்த நிறம்.

அவன் வாளியைத் தூக்கி ஊற்றினான். சுத்தமாகும்வரை ஊற்றினான்.

வெளியே வந்தபோது யமுனா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனைத் தாண்டிப் போகும்போது, தோளுக்கு மேலே போகாத கையைத் தூக்கி, பிரேமாவைப் போலவே அவன் பின்கழுத்து முடியைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டுப் போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தான் என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரிந்ததாகவும் இல்லை.

யாரும் சொல்லாமலே அவனுக்குப் புரிந்தது. யமுனாவின் சதை எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கிறதோ, அந்த இடத்தில் பிரேமா வந்து உட்காருகிறாள். இடம் காலியாகக் காலியாக, இன்னும் கொஞ்சம். சொல்லிவிட்டால் யமுனா பிழைப்பாள். பிழைத்தால் இடம் இருக்காது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாளும் அதையே நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மணப்பாறையிலிருந்து பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பையன் பெயர் வளவன். அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சட்டைப்பையில் பேனா. அவன் அம்மா முறுக்குப் பையைச் சந்திரம்மாள் கையில் கொடுத்துவிட்டு, உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க ஊரு மாட்டுச் சந்தைக்குப் பேர் போனது. அதுக்காகப் பொண்ணப் பல்லப் புடிச்சுப் பாக்க மாட்டோம், பயப்படாம வரச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தார்த்தன் ஓரமாக, வீட்டில் ஒரே ஆண்பிள்ளை என்பதற்காகப் போடப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தட்டு வந்தது. டபராவும் டம்ளரும் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று நடுங்கின. பெண்ணுக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். யமுனா ஒவ்வொருவருக்காய்க் கொடுத்துவிட்டுக் கடைசியில் அவனிடம் வந்தாள். டம்ளரை அவனுடைய இடது பக்கம் வைத்தாள். அவன் இடது கைக்காரன். பிரேமாவைத் தவிர வேறு யாரும் அதை நினைவு வைத்துக்கொண்டதில்லை.

"விழுந்து கும்பிட்டுக்கம்மா," என்றாள் சந்திரம்மாள்.

யமுனா குனிந்தாள். முழங்கால் மடிந்தது. நெற்றி தரையில் பட்டது. பிறகு எழவில்லை.

தொடைமேல் கை வந்தது. வழுக்கியது. மறுபடி வந்தது. மறுபடி வழுக்கியது. சந்திரம்மாள் ஓரடி முன்னால் வந்தாள். சித்தார்த்தனும் எழுந்துவிட்டான். அதற்குள் வளவன் குனிந்து, முழங்கைக்கு மேலே பிடித்து, அவளைத் தூக்கி நிறுத்திவிட்டான்.

அவள் சிரித்தாள்.

முதலில் ஒரு மூச்சு அடைத்தது போல, பிறகு மூக்கு வழியாக உடைந்து. காலேஜ் கேன்டீனில், எதிர் நாற்காலியில், அவன் சொன்ன ஏதோ ஓர் உப்புச்சப்பில்லாத ஜோக்குக்கு முதல் தடவை கேட்ட பிரேமாவின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவனுடையது. அதை அவள் ஒரு கணக்கு வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

"சின்னஞ்சிறுசுங்க ரெண்டு வார்த்தை பேசட்டுமே," என்றாள் பையனின் அம்மா.

பின்பக்கம் துவைக்கிற கல் அருகே போனார்கள். வளவன் அவள் நடைக்குத் தக்கபடி மெதுவாக நடந்தான். சித்தார்த்தன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேச்சு கேட்கவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. ஒரு தடவை. இன்னொரு தடவை. கம்பியின் துரு உள்ளங்கையில் அப்பியது. இன்னொரு தடவை.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனான்.

"தம்பி, அவளுக்கு ஒடம்பு சரியில்ல," என்றான். "அவ அக்காவுக்கு வந்தது இவளுக்கும் வந்திருக்கு. தசையெல்லாம் கரையுது. இப்பப் பாத்தீங்களே, எந்திரிக்க முடியல."

அத்தனையும் உண்மை. இத்தனை நாளாகச் சொல்லியிருக்க வேண்டிய உண்மை.

யமுனாவின் முகம் வெளுத்தது. வளவன் அவளைப் பார்த்தான். பிறகு இவனைப் பார்த்தான். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா சார்?"

சித்தார்த்தன் அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றான்.

"இப்பவே போலாமே சார். நான் வேணா ஆட்டோ கூப்பிடவா?"

"அத நாங்க பாத்துக்குறோம். நீங்க கெளம்புங்க."

பின்னாலேயே வந்து நின்ற வளவனின் அம்மாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "வாடா," என்று மகன் கையைப் பிடித்தாள். வளவன் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அந்தப் பார்வைக்காகவும் சித்தார்த்தன் அவனை வெறுத்தான்.

சந்திரம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஒரு வருஷமா புள்ளையா நெனச்சு வச்சிருந்தேனே மாப்ள! எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டீங்களே! லேசான முட்டிவலியப் போயி…" முடிக்கவில்லை. அவர்களைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலாவது பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டும் என்று, செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினாள்.

வீடு அமைதியானது.

யமுனா கல்லில் உட்கார்ந்தபடியே சரிந்திருந்தாள். அவன் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறைக் கட்டிலில் கிடத்தினான். நனைந்த துணிமூட்டையைப் போல, தூக்கின இடத்தில் மட்டும் கனத்தாள். மற்ற இடமெல்லாம் தொங்கியது. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பாகிக்கொண்டிருந்தது. அறையில் தைல வாடை.

"அத்தான்." குரல் தாழ்ந்திருந்தது. "தசை கரையுதுன்னீங்களே. அக்காவுக்கு அதுதானா?"

"ஆமா."

"அந்தக் கேப்சூலாலயா?"

"கொழுப்பு மாத்திரையோட அது சேரக் கூடாது."

"ஒங்களுக்கு… மொதல்லயே தெரியுமா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"ஹாஸ்பிடலுக்குப் போலாம் அத்தான். ப்ளீஸ். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு உள்ள யாரோ… என்னைய நகந்துக்கோ நகந்துக்கோன்னு தள்ற மாதிரி இருக்கு."

பைக் சாவியை எடுத்தான். எடுத்தான், அது உண்மை. வாசற்படிவரை வந்துவிட்டான். போனில் ஆட்டோக்காரர் நம்பரைத் தேடினான்.

"சித்து."

விரல் நின்றது.

அந்தப் பெயரை நாலு பேர் முன்னால் பிரேமா சொன்னதில்லை. கதவு சாத்திய பிறகு மட்டும். யமுனாவுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது.

"அவன் என்னையத் தொட்டதுக்கா இவ்வளவு கோவம்?"

திரும்பினான். யமுனாவின் உதடுகள் அசையவே இல்லை போல இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது.

"பொறாமையாடா?"

"ஆமா," என்றான்.

மூக்கு வழியாகச் சிரிப்பு.

"அப்ப மாத்திரையக் குடு."

சாவியைக் கீழே வைத்தான். பிரிட்ஜ் முனகியது. டின்னைத் திறந்தான். கேப்சூல் ஒன்று. கொழுப்பு மாத்திரை ஒன்று. உள்ளங்கையில் வைத்து எடுத்து வந்தான்.

வாய் திறந்தது. கண்கள் வேண்டாம் என்றன. வாய் திறந்தே இருந்தது. போட்டான். தண்ணீர் ஊற்றினான். தொண்டை ஏறி இறங்கியது. கண்களிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. அந்தக் கண்ணீர் பிரேமாவுடையது இல்லை. அது அவனுக்குத் தெரிந்தது.

பக்கத்தில் நின்றான். காத்திருந்தான்.

கட்டில்மேல் கிடந்த கை அசைந்தது. தானாக அசையவில்லை. தோளுக்குக் கீழே, தோலுக்கு உள்ளே, ஏதோ புடைத்தது. புடைத்தது நகர்ந்தது. இறுக்கமான ரவிக்கைக் கைக்குள் ஒருத்தி தன் கையை நுழைத்துத் தள்ளுவது போல. முழங்கையில் சிக்கியது. முறுக்கிக்கொண்டு விடுபட்டது. மணிக்கட்டைத் தாண்டியது. பிறகு விரல்கள். ஒவ்வொன்றாக. சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டது.

"அத்தா…" யமுனாவின் குரல். யமுனாவினுடையதேதான். தரைக்கு அடியிலிருந்து வருவது போல. "அத்தான், என்னைய…"

கை எழுந்தது.

அது யமுனாவின் முகத்துக்குப் போனது. வாயைத் தேடியது. உள்ளங்கையால் மூடியது. அவசரமில்லாமல். விரல்களுக்கு மேலே இரண்டு கண்கள் விரிந்து, கெஞ்சி, அவனையே பார்த்தன. கைக்கு அடியில் ஏதோ ஒரு சொல் முட்டிக்கொண்டே இருந்தது.

இன்னொரு கை மெல்லப் புடைத்து, நிறைந்து, கட்டில் விளிம்பைத் தட்டி, பக்கத்தில் உட்காரச் சொன்னது.

சித்தார்த்தன் உட்கார்ந்தான்.